அம்பு இறகை வீட்டிலேயே பிரித்து ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் பிள்ளைகளை வில்வித்தைக்கு அனுப்பும் பெற்றோரும், புதிதாக வில் எடுத்த பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பிளாஸ்டிக் இறகை எல்லோரும் 'வேன்' என்கிறார்கள், அம்பின் வாலில் நாண் மாட்டும் பிளவுத் துண்டை 'நாக்' என்கிறார்கள். இங்கேயும் அப்படியே.

ஒரு இறகு பிஞ்சு போச்சு. அம்பையே தூக்கிப் போட்டுறணுமா?

வேண்டாம். இறகு என்பது மாற்றுவதற்கென்றே உள்ள பாகம். தண்டு நன்றாக இருந்தால் அதே அம்புக்குப் பல தடவை இறகு மாற்றலாம். ஆனால் பசையைத் தொடுவதற்கு முன் தண்டைச் சோதித்துவிடுங்கள். உடைந்த தண்டுக்கு இறகு ஒட்டுவது வீண்வேலை மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

கார்பன் தண்டு என்றால் இரு முனைகளையும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி, நடுவில் ஓரிரு அங்குலம் வளையும்படி மெதுவாக வளையுங்கள். கொஞ்சம் உருட்டி மறுபடி வளையுங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. 'படக்' என்று சத்தம் கேட்டாலோ, பஞ்சால் தடவும்போது இழை மாட்டினாலோ அந்த அம்பு முடிந்தது. வெடித்த கார்பன் தண்டு நாணை விடும் நேரத்தில் நொறுங்கி, வில் பிடித்த கையிலேயே பாயும். இரண்டாக ஒடித்துப் போடுங்கள். இல்லையென்றால் யாராவது எடுத்து மறுபடி எய்வார்கள். அலுமினியம் என்றால் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள், வளைவும் நெளிவும் தெரிந்துவிடும். மரம், மூங்கில் என்றால் நார்ப்போக்கில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஒண்ணு போனா மூணையும் எடுக்கணுமா அண்ணே?

அதே கம்பெனி, அதே நீளம், அதே உயர வேன் கையில் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். மற்ற இரண்டும் வெயிலில் விறைத்தோ அலை அலையாக நெளிந்தோ இருந்தால் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே அம்பில் வேறு வேறு வகை வேன் கூடவே கூடாது.

என்னென்ன வாங்கி வைக்கணும்? காரைக்குடியிலயே கிடைக்குமா?

இறகும், தண்டையும் இறகையும் அளவாகப் பிடித்து ஒட்ட உதவும் 'ஜிக்' என்ற கருவியும் ஆன்லைனில்தான். மற்றதெல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களிடம் இருக்கும். சுருக்கமாக ஐபிஏ என்று கேளுங்கள், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் 400 நம்பர் உப்புத்தாள், அசிட்டோன், நைட்ரில் கையுறை. வீட்டில் பஞ்சோ டிஷ்யூவோ, ஒரு மழுங்கிய கத்தி, மில்லிமீட்டர் ஸ்கேல், பென்சில்.

இதில் ஒரு பொருளிலும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை, ஜிக்கைத் தவிர. ஒரு அம்பு மட்டும் பிடிக்கிற சாதாரண ஜிக்கே வீட்டுக்குப் போதும்.

பழைய இறகை எப்படி எடுக்கிறது?

முதலில் ஒரு விஷயம்: இருக்கிற எல்லா அம்பையும் ஒரே மூச்சில் உரித்துவிடாதீர்கள். ஒன்றை மாதிரிக்கு அப்படியே வையுங்கள். இறகு நாக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மூன்றில் வேறு நிறமாக இருக்கும் ஒற்றை இறகு (நிற இறகு) எங்கே இருந்தது என்று பிறகு பார்க்க அது வேண்டும்.

பிளாஸ்டிக் வேன் என்றால் மழுங்கிய கத்தியைத் தண்டோடு தண்டாகப் படுக்க வைத்து, இறகின் முன் நுனியில் நுழைத்து, நாக் பக்கமாகத் தள்ளுங்கள். நுனி கிளம்பியதும் விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் பெரும்பாலும் மொத்தமாக உரிந்து வரும். கத்தி எப்போதும் உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். ஷேவிங் பிளேடு, கட்டர் பிளேடு வேண்டாம். அவை பசையை வெட்டுவதற்கு முன்பே கார்பன் இழையை வெட்டிவிடும், அந்த வெட்டுதான் பின்னால் விரிசலாகும்.

ஒலிம்பிக் வில்காரர்கள் பயன்படுத்தும் சுருள் வேனுக்குக் கத்தியே தேவையில்லை. அது இரட்டைப் பக்க டேப்பில் நிற்கிறது. இரு முனையிலும் சுற்றிய மெல்லிய டேப்பைப் பிரித்துவிட்டு உரித்தால் போதும். தண்டில் மிச்சமிருக்கும் டேப் பிசினை ஐபிஏ எடுத்துவிடும்.

தண்டைச் சுத்தி ஸ்டிக்கர் மாதிரி கலர் தாள் இருக்கே, அதையும் எடுக்கணுமா?

அதை 'ராப்' என்பார்கள், வினைல் ஸ்டிக்கர். இறகை உரிக்கும்போது ராப் கிழிந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, ராப் உள்ள பகுதியை ஓரிரு நிமிடம் அமிழ்த்துங்கள். ராப்பும் இறகும் சேர்ந்தே இளகி வரும். உண்மையில் ராப் இருப்பவர்களுக்கு வேலை சுலபம், தண்டில் கத்தியே பட வேண்டாம். கார்பன் தண்டைக் கேஸ் அடுப்பிலோ தீக்குச்சியிலோ காட்டாதீர்கள். இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் சூட்டில் வலுவிழக்கும். அம்பின் கூர்முனையை ('பாயின்ட்') ஒட்டியிருக்கும் பசையும் இளகி, அது இலக்கிலேயே தங்கிவிடும்.

ஒட்டிக்கிட்டிருக்கிற பழைய பசைக்கு மண்ணெண்ணெய், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எது சரி?

நான்கும் சரியில்லை. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். தின்னர் தண்டின் எழுத்தையும் பூச்சையும் கரைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தாலும் கூடவே எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். சானிடைசரில் கை வறளாமலிருக்கக் கிளிசரின் இருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது.

சரியான முறை: மழுங்கிய கத்தியால் மேடான பசையை எடுத்துவிட்டு, சுத்தமான அசிட்டோன் நனைத்த துணியால் சில விநாடி துடையுங்கள். சூப்பர் குளூ வகைப் பசை அசிட்டோனில்தான் இளகும். தண்டை அசிட்டோனில் ஊறவைக்கக் கூடாது, நாக் மீதும் படக் கூடாது. பிளாஸ்டிக் நாக் அசிட்டோன் பட்டால் வெளியே தெரியாமல் பலவீனப்பட்டு, நாணில் மாட்டியிருக்கும்போது பிளக்கும். அடுத்து 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்த்து, கடைசியில் ஐபிஏ. அசிட்டோன் ஆவியே தீப்பிடிக்கும். சமையலறையிலும், சாமி விளக்கு எரியும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம்.

அலுமினியத் தண்டுக்கு இவ்வளவு ரசாயனம்கூடத் தேவையில்லை. மேடான பசையை எடுத்த பிறகு, சபீனா மாதிரிப் பாத்திரத் தூளை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துக் கழுவினாலே போதும். நாக்கைக் கழற்றாமல் கழுவுங்கள், தண்ணீர் உள்ளே போகாது.

மர அம்புக்கும் இதே முறைதானா?

இல்லை. நம் பக்கத்து ஆசாரிகள் கதவு, ஜன்னலுக்குப் போடும் ஃபிரெஞ்ச் பாலிஷ் மர அம்பிலும் போட்டிருக்கலாம். அது அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்தது, ஐபிஏ பட்டவுடன் கரைந்து பிசுபிசுக்கும். லேக்கர் அடித்திருந்தால் அசிட்டோன் கரைக்கும். ஆகவே மரத்துக்கும் மூங்கிலுக்கும் உலர்ந்த வேலை மட்டும்: கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் நார்ப்போக்கில் தேய்த்து, உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள்.

கார்பன் அம்பைத் தேய்ச்சா கரி மாதிரி தூள் பறக்குது. அது ஒண்ணும் பண்ணாதுல்ல?

பண்ணும். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, தோலில் ஏறினால் சிலாம்பு மாதிரிக் குத்தி அரிக்கும். உப்புத்தாளையும் தண்டையும் நனைத்துக்கொண்டு தேய்த்தால் தூள் பறக்காது. கையுறை, மாஸ்க் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாகப் போடுங்கள்.

சுத்தமாயிருச்சுன்னு எப்படித் தெரியும்?

இறகு ஒட்டப் போகும் பகுதியில் தண்ணீரை ஓடவிடுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகுதான் பசை. அதற்குப் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். தலையில் எண்ணெய் தடவிய கையோ, முறுக்கு தின்ற கையோ ஒரு தரம் பட்டால் அத்தனை வேலையும் வீண். மர அம்புக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனை வேண்டாம்.

புது வேனின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள். அச்சிலிருந்து எளிதில் வர ஏதாவது பூசியிருப்பார்கள், ஐபிஏவால் ஒரு தரம் துடைத்துவிடலாம். ஆனால் அடிப்பாகம் ஏற்கெனவே பக்குவம் செய்யப்பட்டது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் துடைக்க வேண்டாம், தொடவும் வேண்டாம்.

ஃபெவிக்விக் போதுமா? ஃபெவிகால்?

ஃபெவிகால் ஆகாது. அது தண்ணீரை மரமோ தாளோ உறிஞ்சிக்கொள்ளும்போது இறுகும் பசை. கார்பனும் அலுமினியமும் உறிஞ்சாது.

ஃபெவிக்விக் வகைப் பசை, பிளாஸ்டிக் வேனைக் கார்பனிலும் அலுமினியத்திலும் நன்றாகவே பிடிக்கும். அதில் இரண்டு தொல்லை. வைத்த பிறகு நகர்த்த அவகாசம் தராது. தண்ணீராக இருப்பதால் அடியிலிருந்து வழிந்து, ஜிக்கில் வேனைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பையும் சேர்த்து ஒட்டிவிடும். ஜெல் வகை கிடைத்தால் அதுவே மேல். இறகுக்கென்றே விற்கும் போனிங் ஃபிளெட்ச்-டைட் மாதிரிக் கரைப்பான் பசை மெதுவாக இறுகும், கொஞ்சம் நெகிழ்வும் இருக்கும். இயற்கை இறகுக்கும் மரத்துக்கும் அதுதான் பொருத்தம். அளவு எந்தப் பசைக்கும் ஒன்றே: வேனின் அடியில் நூல் கனத்துக்கு ஒரே ஒரு கோடு. அதிகம் வைத்தால் அதிகம் பிடிக்கும் என்பது தப்புக் கணக்கு. கனத்த பசை உள்ளே இறுகாமல் கிடந்து, முதல் அடியிலேயே பிளக்கும்.

ஜிக்ல வச்சு ஒட்டுற முறையை வரிசையாச் சொல்லுங்க.

வேனைக் கிளாம்பில் பிடித்து, அடிப்பாகம் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். வேனின் பின் நுனி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே கிளாம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எல்லா வேனும் அந்தக் கோட்டில்தான். தண்டை நாக்கோடு ஜிக்கில் உட்கார வைத்து, பசை இல்லாமல் ஒரு தரம் கிளாம்பை இறக்கிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வேனுக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் கிளாம்பின் சாய்வைத் திருத்துங்கள். இந்த ஒத்திகையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் வேனின் ஒரு முனை எப்போதும் கிளம்புகிறது.

பிறகு பசைக் கோடு, கிளாம்பை இறக்கி ஒரே சீராக அழுத்தம். சூப்பர் குளூ என்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். கரைப்பான் பசை என்றால் ஐந்து முதல் பத்து நிமிடம். கிளாம்பைத் திறந்து, மேல் நோக்கி நேராக எடுங்கள். ஜிக்கின் திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் தண்டு 120 பாகை சுற்றும், அடுத்த வேன். மூன்றும் முடிந்ததும் ஒவ்வொரு வேனின் முன் நுனியிலும் பின் நுனியிலும் ஒரு புள்ளி பசை. முன் நுனிப் புள்ளியை மறக்கவே கூடாது, இலக்கில் முதலில் இடிபடுவது அதுதான். எந்தப் பசையானாலும் ஒரு நாள் விட்டு எய்யுங்கள்.

மூணுல ஒண்ணு மட்டும் வேற கலரா இருக்கே, அது எங்க வரணும்?

நுனிகள் முன்பக்கம் வளைந்த சாதாரண ரிகர்வ் வில்லுக்கு அது நாக்கின் பிளவுக்குச் செங்குத்தாக, வில்லை விட்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அப்போது மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் தாண்டும். நுனிகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் அம்பு உட்காரும் ரெஸ்டைப் பொறுத்து அது மேலேயோ கீழேயோ வரும், மாதிரிக்கு வைத்த அம்பைப் பாருங்கள்.

நாக்கிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்டணும்?

25 முதல் 30 மில்லிமீட்டர். இன்னும் பின்னால் போனால் விரலிலோ தாடையிலோ உரசும். எந்த அளவை எடுத்தாலும் மொத்த அம்புக்கும் ஒரே அளவு.

ஜிக் வாங்க இப்ப வசதி இல்லை. கையாலயே ஒட்ட முடியுமா?

மூன்றில் ஒன்று போன அம்பென்றால் முடியும், பழைய இறகின் தடம் வழிகாட்டும். மூன்றையும் கையால் ஒட்ட, ஒரு துண்டுத் தாளைத் தண்டைச் சுற்றி, ஒரு சுற்று முடியும் இடத்தில் வெட்டுங்கள். அந்த நீளத்தை மூன்றாகப் பிரித்துக் குறித்து, மறுபடி தண்டில் சுற்றினால் மூன்று இடமும் கிடைத்துவிடும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்குச் சுற்றளவு 18.8, ஒவ்வொரு இடைவெளியும் கிட்டத்தட்ட 6.3 மில்லிமீட்டர். அலுமினியத் தண்டில் 1716 என்று போட்டிருந்தால் முதல் இரண்டு இலக்கம் விட்டம், ஓர் அங்குலத்தின் 64ல் 17 பங்கு. அதாவது 6.75 மில்லிமீட்டர். இடைவெளி 7.1 வரும். கடைசி இரண்டு இலக்கம் சுவரின் கனம், இங்கே அது வேண்டியதில்லை.

பயிற்சிக்கு இது ஓடும். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ஜிக் வாங்கிக்கொடுங்கள், அல்லது கூடப் பயிலும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

நேரா ஒட்டுறதா, சாய்ச்சு ஒட்டுறதா?

சாய்த்தால் அம்பு சுழலும், சுழன்றால் சீக்கிரம் நிதானப்படும். ஆனால் வேகம் கொஞ்சம் குறையும். பிளாஸ்டிக் வேனுக்கு ஒன்றிலிருந்து மூன்று பாகை சாய்வு போதும். மூன்றும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பதுதான் முக்கியம், இடமா வலமா என்பது அடுத்த விஷயம்.

இயற்கை இறகில் அந்தச் சுதந்திரம் இல்லை. பறவையின் இடது சிறகிலிருந்து வந்தது ஒரு பக்கம் வளைந்திருக்கும், வலது சிறகிலிருந்து வந்தது மறுபக்கம். இடது சிறகு இறகுக்கு இடது கிளாம்பு, வலதுக்கு வலது. ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று சுழற்றப் பார்க்கும், மற்றது தடுக்கும். சுருள் வேனும் இடம், வலம் என்று தனித்தனியாகவே வரும்.

வீட்டைச் சுத்தி மயில் உலாத்துது. அந்த இறகை வச்சு ஒட்டலாமா? கோழி இறகு?

மயில் இறகு வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலுக்கு உச்சபட்சப் பாதுகாப்பு. தவிர, தோகை இறகு அம்புக்கு உதவவும் உதவாது. அதன் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடிப்பதில்லை, காற்றில் பிரிந்து ஆடும். கோழி இறகு மெலிது, சீக்கிரம் கிழியும்.

வளர்க்கும் வான்கோழியின் சிறகு நுனியில் உள்ள நீண்ட இறகுகள்தான் உலகம் முழுவதும் அம்புக்குப் பயன்படுபவை. நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, அடிப்பாகம் சமமாகும்வரை உப்புத்தாளில் தேய்த்து, நான்கு அங்குலத்துக்கு நறுக்கினால் ஆயிற்று. மூங்கில் அம்பில் ஒட்டிய பிறகு முன் நுனியை மெல்லிய நூலால் சுற்றி, அந்தச் சுற்றின் மேல் ஒரு துளி பசை விடுங்கள். நசுங்கிய இயற்கை இறகை இட்லிப் பானை ஆவியில் சில விநாடி காட்டினால் தானே நிமிரும்.

பேரன் வளவுல உக்காந்து ஒட்டி, ஆத்தங்குடித் தளத்துல பசையைச் சொட்டிட்டான். சுரண்டலாமா?

சுரண்டாதீர்கள் ஆச்சி, மேற்பரப்பின் நிறம் பெயரும். பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்து, சொட்டின் மேல் மட்டும் சில நிமிடம் வையுங்கள். இளகியதும் பழைய ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள். மெழுகு பூசிய தளமென்றால் அந்த இடம் கொஞ்சம் மங்கும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அடுத்த தடவை பேரனுக்குக் கீழே செய்தித்தாள் விரித்துக் கொடுங்கள்.

ஐப்பசி மழையில ஒட்டினா இறகைச் சுத்தி வெள்ளையாப் பூத்துப் போகுதே?

சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் பசை. ஈரம் அதிகமானால் வேகமாக இறுகும், அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூக்கும். பலத்துக்குக் கெடுதல் இல்லை, அழகுக்குத்தான். பசையைக் குறைத்து வைத்தாலே பாதி போய்விடும். திறந்த ட்யூப்பை மூடி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சித்திரை வெயிலுக்குப் பிரச்சினை வேறு. மூடிய காரில் அம்பை விட்டால் வேன் நெளியும். லேசான நெளிவை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் நிமிர்த்தலாம்.

எத்தனை தடவை ஒட்டினாலும் உதிருது. பசையை மாத்திப் பார்த்தாச்சு. வேற என்ன?

உதிர்ந்த வேனின் அடியைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். பசை முழுக்க வேனில் வந்திருந்தால் தண்டு சுத்தமில்லை, தண்ணீர்ச் சோதனைக்குத் திரும்புங்கள். பசை முழுக்கத் தண்டிலேயே நின்றிருந்தால் வேனின் அடிதான் சுத்தமில்லை. பாதி நீளத்துக்கு மட்டும் பசை பட்டிருந்தால் கிளாம்பின் சாய்வு பொருந்தவில்லை, ஒத்திகையைச் செய்யுங்கள். பசையே குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

தண்டு, வேனின் அடி, சாய்வு மூன்றும் சரியாக இருந்தும் எப்போதும் ஒரே வேன் மட்டும் போகிறதென்றால், அது எங்கோ உரசுகிறது. வேன்களின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி எய்து பாருங்கள். வில்லிலோ ரெஸ்டிலோ சாயம் படும் இடம் சொல்லிவிடும்.

புது இறகு ஒட்டின அம்பு பழசோட சேராம வேற இடத்துல போய்க் குத்துது. ஏன்?

வேன் வகை மாறினால் எடை மாறும். 'பிளேசர்' என்ற வகை 2 அங்குல வேன் ஒன்று சுமார் 6 கிரெயின், மூன்றுக்கு 18 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். அது வாலில் கூடும்போது அம்பின் சமநிலை பின்னால் நகரும். தூரம் கூடக் கூட வித்தியாசம் பெரிதாகத் தெரியும். தெரிந்த நகைக்கடை இருந்தால் அவர்கள் தராசில் பழைய அம்பையும் புது அம்பையும் வைத்துப் பாருங்கள். ஒரு செட்டில் உள்ள அம்பெல்லாம் ஒரே வேனாக இருப்பதுதான் தீர்வு.

எல்லாம் ஒட்டி முடிச்ச பிறகு பார்த்தா நாக் சுத்திக்கிச்சு. நிற இறகு இப்ப கோணலா நிக்குது. மறுபடி உரிக்கணுமா?

தேவையில்லை. செருகி வைத்த நாக் என்றால் நாணின் கனமுள்ள பழைய வில்நாண் துண்டைப் பிளவில் மாட்டிப் பிடித்துக்கொண்டு, தண்டை மெதுவாகத் திருப்பினால் சரியாகிவிடும். இடுக்கி போடாதீர்கள், நாக் கீறும். திருப்பிய பிறகும் லொடலொடவென்று சுற்றினால் நாக்கின் காம்பில் மெல்லிய பாலிதீன் துண்டைச் சுற்றிச் செருகுங்கள். பசை போட்ட நாக் என்றால் திருப்ப முயல வேண்டாம், நாக்கை மாற்றிவிடுங்கள்.